ஒரு மாதம் முழுக்க டிஃபென்ஸ்: கோடைக் கூடைப்பந்து முகாம், காசுக்குத் தகுமா?

கோவையில் மே மாதம் வந்தால் கூடைப்பந்து முகாம்களுக்குக் குறைவே இல்லை. பள்ளி மைதானம், கல்லூரி கோர்ட், கிளப் என்று எங்கே திரும்பினாலும் பேனர், காலை ஆறு மணிக்குப் பிள்ளைகளை இறக்கிவிட வரும் வண்டிகள். பெரும்பாலான முகாம்களில் கிட்டத்தட்ட ஒரே பாடம்தான்: கொஞ்சம் ஓட்டம், கொஞ்சம் டிரிபிள் (பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே நகர்வது), லே-அப் (ஓடிவந்து ரிங்குக்குப் பக்கத்திலிருந்து போடுவது), ஷூட்டிங், கடைசி அரைமணி மேட்ச். டிஃபென்ஸ், அதாவது எதிரணி கூடை போடாமல் தடுப்பது, என்றால் கோச் கோட்டுக்கு வெளியே நின்று "கையத் தூக்கு, ஓடு ஓடு" என்று கத்துவதோடு சரி. இந்த வருடம் என் மகளைச் சேர்த்த முகாமில் முக்கால்வாசி நேரம் டிஃபென்ஸ்தான், அதிலும் தனி ஆள் டிஃபென்ஸ் இல்லை, ஐந்து பேரும் சேர்ந்து செய்வது. நான் கல்லூரி அணியில் ஆடிய காலத்தில் யாரும் எங்களுக்கு இதை இப்படி உட்கார வைத்துச் சொல்லித்தரவில்லை, ஆடி ஆடி அடிபட்டுத்தான் பாதி புரிந்தது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். குறைகளும் இருக்கின்றன, சின்னக் குறைகள் இல்லை, ஆகவே முகாமின் பெயரைப் போடவில்லை. என்ன சொல்லிக்கொடுத்தார்கள், எப்படி என்று தெரிந்தால் உங்கள் ஊரில் உங்கள் பிள்ளையைச் சேர்க்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்று தெரியும்.

முதலில் விவரம். மாதத்துக்கு 4,500 ரூபாய், டி-ஷர்ட் சேர்த்து. காலை ஆறிலிருந்து எட்டரை வரை, ஞாயிறு விடுமுறை. 12 முதல் 16 வயதுவரை பெண் பிள்ளைகள். ஒரே சிமெண்ட் கோர்ட், இரண்டு ரிங். கோச் ஒருவர், உதவிக்குக் கல்லூரி அணியில் ஆடும் இரண்டு அக்காக்கள். ஷூ நல்லதாக வாங்கிவிடுங்கள், சிமெண்டில் பக்கவாட்டில் சறுக்கிச் சறுக்கி நகர்வதில் மலிவான ஷூவின் அடிப்பாகம் சீக்கிரம் வழவழவென்று தேய்ந்துவிடும், அப்புறம் வழுக்கும்.

முதல் வாரம் பந்தை அதிகம் தொடவே விடவில்லை. கால் அகட்டி, இடுப்பைத் தாழ்த்தி, முதுகு நிமிர்ந்து நிற்கும் அந்த ஸ்டான்ஸ், அதிலிருந்து ஜிக்ஜாக்காகக் கோர்ட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை சறுக்கு நடை. கைகளைப் பின்னால் கட்டி, ஒரு துண்டின் இரண்டு நுனியையும் பிடித்துக்கொண்டு செய்ய வேண்டும். பல பெற்றோருக்கு இது தண்டனை மாதிரி தெரிந்தது, ஆனால் காரணம் இருக்கிறது. இந்த வயதுப் பிள்ளைகள் எல்லோருமே கையை நீட்டிப் பந்தைத் தட்டத்தான் பார்க்கிறார்கள். கை நீண்டதும் உடம்பு முன்னால் சாய்கிறது, சாய்ந்த நொடியில் எதிராளி பக்கவாட்டில் தாண்டிவிடுகிறாள், மிச்சம் பின்னாலிருந்து அடிப்பதுதான், உடனே விசில். ஒரு குவார்ட்டரில் அணியின் ஐந்தாவது ஃபவுலிலிருந்து எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ (யாரும் தடுக்காமல் போடும் எறிதல்) போய்விடும் என்பதால், கை நீட்டும் பழக்கம் ஒருத்தியின் தவறாக நிற்காமல் அணியையே மூழ்கடிக்கும். கையைக் கட்டிவிட்டால் காலை நம்பித்தான் ஆக வேண்டும். வலப்பக்கம் போக வேண்டுமென்றால் இடது காலால் தரையைத் தள்ள வேண்டும், வலது காலை எட்டி வைத்து உடம்பை இழுக்கக் கூடாது. இந்த ஒரு திருத்தத்துக்கே பல பிள்ளைகளுக்கு முழு வாரம் பிடித்தது.

அடுத்தது குளோஸ் அவுட். ரிங்குக்கு அடியில் நிற்பவள் பந்தை விங்கில் (கோர்ட்டின் பக்கவாட்டில்) நிற்பவளுக்கு உருட்டிவிட்டு அவளை நோக்கி ஓடிப்போய் நிற்க வேண்டும். தொடக்கத்திலிருந்து பாதிக்கும் அதிகமான தூரம் முழு வேகம், கடைசி இரண்டு மூன்று எட்டு சின்னச் சின்னதாகத் தட்டித் தட்டி, ஒரு கை மேலே, எடை பின்பக்கம். கேட்க எளிது. வேகமாகப் போனவள் நிற்க முடியாமல் தாண்டிப் போவாள், மெதுவாகப் போனவள் போய்ச் சேர்வதற்குள் பந்து கையை விட்டுப் போயிருக்கும். மூன்று புள்ளிக் கோடு ரிங்கிலிருந்து 6.75 மீட்டர், நடுவிலிருந்து உதவி செய்துவிட்டு அந்தக் கோட்டுக்கு ஓடி வந்து நிற்பதுதான் டீம் டிஃபென்ஸில் ஒவ்வொரு ஆட்டத்திலும் ஓயாமல் செய்ய வேண்டிய வேலை. இதைத் தினமும் பத்து நிமிடம் விடாமல் செய்ய வைத்தார்கள். கோச்சுக்கு இதற்காகவே ஒரு கும்பிடு.

இரண்டாம் வாரத்தில்தான் ஷெல் டிரில் ஆரம்பித்தது, இந்த முகாமின் உயிர் அதுதான். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தாக்கும் பக்கம் நான்கு பேர், மேலே இரண்டு, இரு விங்கிலும் ஒவ்வொருவர். காக்கும் பக்கம் நான்கு பேர். தொடக்கத்தில் டிரிபிள் கிடையாது, ஷூட்டிங் கிடையாது. பந்து ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குப் போகும், அவர் இரண்டு விநாடி பிடித்துக்கொண்டு நிற்பார், அதற்குள் காக்கும் நால்வரும் தங்கள் புது இடத்தில் இருக்க வேண்டும். பந்து இருப்பவளிடம் ஒருத்தி. ஒரு பாஸ் தூரத்தில் இருப்பவளின் காவல் பாஸ் வரும் பாதையை ஒட்டி. இரண்டு பாஸ் தூரத்தில் இருப்பவளின் காவல் அவளை விட்டுவிட்டு நடுவுக்கு. அவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு பாஸுக்கும் நால்வரின் இடமும் மாறுகிறது. யாருமே "நான் காவல் காக்கும் ஆள் சும்மாதானே நிற்கிறாள்" என்று நிற்க முடியாது.

கோச் முதல் நாளே ஒரு சாக்பீஸ் எடுத்து ரிங்கிலிருந்து எதிர் ரிங்கை நோக்கி நேராக ஒரு கோடு போட்டார். பந்து மறுபக்கம் இருந்தால் உதவிக்கு நிற்பவளின் ஒரு கால் அந்தக் கோட்டின் மேல் இருக்க வேண்டும். அதோடு ஒரு கை பந்தைக் காட்ட வேண்டும், இன்னொரு கை தன் ஆளைக் காட்ட வேண்டும். தப்பாக நிற்பவளை அவர் திட்டவில்லை, எல்லோரையும் அப்படியே உறைய வைத்துவிட்டுக் கேட்பார்: "கண்ணு, பந்து எங்க? உன் ஆள் எங்க? ரெண்டையும் கையில காட்டு." அந்தப் பிள்ளை பந்தைக் காட்டும், அப்புறம் தன் ஆளைக் காட்டத் திரும்பித் தேடும். தேடினால் போச்சு, அதுதான் தப்பு என்று அவளுக்கே புரிந்துவிடும். தலையைத் திருப்பாமல் இரண்டும் கண்ணில் படும் இடம்தான் சரியான இடம், அதற்கு ஒரு எட்டு பின்னால் போக வேண்டுமா, பக்கத்தில் நகர வேண்டுமா என்பதை அவளே கண்டுபிடிக்க வேண்டும். எட்டு மணிக்குள் அந்தக் கோடு ஷூ பட்டுப் பட்டு அழிந்துபோகும், மறுநாள் காலை உதவிக்கு வரும் அக்கா மறுபடி போடுவாள். மூன்றாவது வாரத்தில் கோடு போடுவதை நிறுத்திவிட்டார்கள், பிள்ளைகள் அதே இடத்தில்தான் நின்றார்கள்.

இங்கே முக்கியமான நுணுக்கம் ஒன்று. பந்து போய்ச் சேர்ந்த பிறகு நகர்வது தாமதம். பந்து காற்றில் இருக்கும்போதே நகர்ந்திருக்க வேண்டும், பிடிப்பவள் பிடிக்கும் நொடியில் நால்வரும் இடத்தில் இருக்க வேண்டும். இதைப் புரிய வைக்க அக்கா ஒருத்தி பக்கத்துக் கட்டிடத்தின் மாடியிலிருந்து செல்போனில் படம் பிடிப்பாள், சனிக்கிழமை அதை ஒரு லேப்டாப்பில் போட்டு, பந்து காற்றில் இருக்கும் இடத்தில் நிறுத்திக் காட்டுவார்கள். மேலிருந்து பார்க்கும்போது மூன்று பேர் நகர்ந்திருப்பதும் ஒருத்தி மட்டும் பந்தை வேடிக்கை பார்ப்பதும் பளிச்சென்று தெரியும். என் மகள் அந்த ஒருத்தியாக இருந்ததைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை பேசவில்லை, திங்கட்கிழமை முதல் டிரில்லிலேயே மாற்றம் தெரிந்தது. வாயால் நூறு முறை சொல்வதைவிட அந்தப் படம் வேலை செய்தது. செலவில்லாத விஷயம், எல்லா முகாமும் செய்யலாம்.

அப்புறம் ஒவ்வொன்றாகச் சேர்த்தார்கள். முதலில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நேராக எறியும் நீளப் பாஸ், இதில்தான் குளோஸ் அவுட் உண்மையாகப் பரீட்சைக்கு வருகிறது. பிறகு பேஸ்லைன் (ரிங்குக்குப் பின்னால் உள்ள எல்லைக் கோடு) பக்கம் டிரைவ், அதாவது பந்தைத் தட்டிக்கொண்டே ரிங்கை நோக்கிப் பாய்வது. விங்கில் இருப்பவள் தன் காவலைத் தாண்டிக் கோட்டோரமாக ரிங்கை நோக்கி வந்தால், மறுபக்க விங்கின் காவல் தன் ஆளை விட்டுவிட்டு வந்து பெயின்ட்டுக்கு (ரிங்குக்கு முன்னால் கோடு போட்ட செவ்வகம்) வெளியிலேயே அவளைத் தடுக்க வேண்டும். சரி, அவள் விட்டுவந்த ஆள்? அவளை மேலே இருக்கும் தோழி இறங்கி வந்து பிடிக்க வேண்டும். அப்போது மேலே இரண்டு பேருக்கு ஒருத்தி மட்டும் மிச்சம், அவள் இருவருக்கும் நடுவில் நின்று பாஸ் யாருக்குப் போகிறதோ அவளிடம் ஓட வேண்டும். தாண்டவிட்டவள் அழுதுகொண்டு நிற்காமல் நேராக ரிங்குக்கு ஓடி, காலியாக இருக்கும் ஆளைத் தேடிப் பிடிக்க வேண்டும். நான்கு பேர், நான்கு நகர்வு, ஒரே நேரத்தில். இதில் மூன்று பேர் சரியாகச் செய்து ஒருத்தி செய்யாவிட்டாலும் லே-அப் போய்விடும். உதவிக்குப் போனவளுக்கு உதவி வரும் என்ற நம்பிக்கை இருந்தால்தான் அவள் தன் ஆளை விட்டுவிட்டுப் போவாள், அந்த நம்பிக்கை பேச்சால் வராது, இந்த டிரில்லை அத்தனை முறை செய்தால்தான் வரும்.

பேச்சு என்றதும் நினைவுக்கு வருகிறது. நம் பெண் பிள்ளைகள் கோர்ட்டில் வாயைத் திறக்க மாட்டார்கள், கூச்சம். இங்கே விதி ஒன்றுதான்: மூன்று முறை தொடர்ந்து கூடை விழாமல் தடுத்தால் காக்கும் அணி வெளியே வந்து தண்ணீர் குடிக்கலாம், ஆனால் நால்வரில் ஒருத்தி குரல் கொடுக்காவிட்டாலும் அந்தத் தடுப்பு கணக்கில் வராது. பந்து இருப்பவளிடம் நிற்பவள் "பால் பால்" என்று கத்த வேண்டும், நடுவில் நிற்பவள் "ஹெல்ப் ரைட்", "ஹெல்ப் லெஃப்ட்" என்று சொல்ல வேண்டும், டிரிபிளை நிறுத்திவிட்டவளைப் பார்த்தால் "டெட் டெட்" என்று எல்லோரும் கத்தி எல்லாப் பாஸையும் அடைக்க வேண்டும். முதல் நாள் எறும்பு ஊர்கிற சத்தம்தான். ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, ஒல்லியாக, யாரிடமும் பேசாதவள், அவளை வேண்டுமென்றே எப்போதும் பின்வரிசையில் போட்டார் கோச், ஏனென்றால் அங்கிருந்துதான் முழுக் கோர்ட்டும் தெரியும். மாதக் கடைசியில் அவள் குரல் கேட் பக்கம் வண்டியில் உட்கார்ந்திருந்த எனக்குக் கேட்டது, "அக்கா, பின்னாடி கட் பண்றாங்க, விடாதீங்க!" என்று. தன்னைவிட மூன்று வயது பெரியவர்களை அவள் நகர்த்திக்கொண்டிருந்தாள். பெரியகுளத்தில் மே மாதம் நடக்கும் அகில இந்தியப் போட்டியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பெரிய அணிகள் ஆடும்போது டிஃபென்ஸில் ஐவரும் பேசிக்கொள்ளும் சத்தம் கேலரிவரை வரும். திறமைக்கு அடுத்தபடி அந்தச் சத்தம்தான் பெரிய அணிக்கும் பள்ளி அணிக்கும் உள்ள வித்தியாசம் என்பேன்.

விதிகளையும் இடையிடையே சேர்த்துச் சொன்னது பிடித்திருந்தது. டிவியில் அமெரிக்காவின் என்.பி.ஏ. லீக் பார்க்கும் பிள்ளைகள் சிலர் நடுவில் உதவிக்கு நின்றுவிட்டு, பெயின்ட்டுக்குள் மூன்று விநாடிக்கு மேல் நின்றால் தப்பாகிவிடும் என்று பயந்து வெளியே ஓடினார்கள். காக்கும் பக்கத்துக்கு மூன்று விநாடிக் கட்டுப்பாடு என்.பி.ஏ.வில் 2001-02 சீசனிலிருந்து இருக்கிறது, நாம் ஆடும் ஃபிபா (சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு) விதியில் அது தாக்கும் அணிக்கு மட்டும்தான். ஆகவே நம் ஆட்டத்தில் ரிங்குக்கு முன்னால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காவலுக்கு நிற்கலாம். டிரைவ் வருபவளின் பாதையில் முன்கூட்டியே இரண்டு காலையும் ஊன்றி, அவளைப் பார்த்து நின்றால் மோதியவள் மேல்தான் ஃபவுல் என்பதையும், ரிங்குக்கு அடியில் இருக்கும் 1.25 மீட்டர் அரைவட்டத்துக்குள் நின்றால் பொதுவாக அது கிடைக்காது என்பதையும் கோர்ட்டில் நிறுத்தியே காட்டினார்கள்.

ஒரு விஷயத்தில் கோச்சோடு எனக்குக் கருத்து வேறுபாடு. அவர் சொல்லித்தருவது ஆளைவிட்டு உள்ளே சுருங்கி நிற்கும் பாணி, பந்து இருப்பவளை மட்டும் ஒருத்தி நெருக்குவாள், மற்றவர்கள் மூன்று புள்ளிக் கோட்டுக்கு உள்ளே கூட்டமாக நின்று டிரைவை அடைப்பார்கள். அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தில் கோச் டிக் பென்னட் உருவாக்கிய பேக் லைன் டிஃபென்ஸ் இந்த வகைதான், அவர் மகன் டோனி பென்னட்டின் வர்ஜீனியா அணி இதே டிஃபென்ஸோடு 2018-இல் தேசியப் போட்டியின் முதல் சுற்றிலேயே, தரவரிசையில் கடைசியான 16-ஆம் நிலை அணியிடம் தோற்று, மறுவருடமே சாம்பியன் ஆனது. 14 வயதில் வெளியிலிருந்து நிதானமாகப் போடக்கூடியவர்கள் மிகக் குறைவு என்பதால் மேட்ச் ஜெயிக்க இது நல்ல வழி. ஆனால் பாஸ் பாதையில் கையை நீட்டி, ஆளை ஒட்டி நின்று, பந்தையே வாங்கவிடாமல் செய்யும் 'டினை' (deny) முறையையும் இதே வயதில் கால் பழக வேண்டும், அது இங்கே பேருக்குத்தான் நடந்தது. நாளைக்கு மாநில அளவில் ஷூட்டர்களை எதிர்கொள்ளும்போது இந்தப் பிள்ளைகள் தடுமாறுவார்கள் என்று நினைக்கிறேன்.

ஆனாலும் ஜோன், அதாவது ஆளைப் பார்க்காமல் ஆளுக்கு ஓர் இடத்தைக் காக்கும் முறை, போடாததற்குப் பாராட்ட வேண்டும். நம் பள்ளி அணிகளில் பெரும்பாலும் 2-3 ஜோன் (முன்னால் இரண்டு, பின்னால் மூன்று பேர்) போட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள், எதிரணிக்கு வெளியிலிருந்து போட வராது, கோப்பை கிடைத்துவிடும், பிள்ளைக்கு ஆளைக் காவல் காக்கவே தெரியாமல் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்துவிடும். ஜப்பானில் 15 வயதுக்கு உட்பட்டோர் ஆட்டத்தில் ஜோனே போடக் கூடாது என்று விதி கொண்டுவந்தார்கள். நம் மாவட்டப் போட்டிகளிலும் அப்படி ஒரு விதி வந்தால் சந்தோஷப்படும் முதல் ஆள் நான்.

இனி குறைகள். முதல் குறை கூட்டம். ஒரு ரிங்குக்கு இருபது பிள்ளைகளுக்கு மேல். ஷெல் டிரில்லில் ஒரு நேரத்தில் எட்டுப் பேர்தான் ஆட முடியும், மிச்சப் பேர் வரிசையில். நிற்பவர்கள் ஆளுக்கு ஒருத்தியைக் கவனித்து அவள் இடம் தப்பினால் கத்த வேண்டும் என்று வைத்திருந்தார்கள், பெரிய பிள்ளைகள் அதில் நிறையக் கற்றுக்கொண்டார்கள், சின்னவர்கள் கொஞ்ச நேரத்தில் ஷூ லேஸை இழுத்து விளையாட ஆரம்பித்துவிட்டார்கள். 4,500 ரூபாய் வாங்கிக்கொண்டு பிள்ளை பாதி நேரம் வரிசையில் நிற்பதை நியாயப்படுத்த முடியாது. ஆள் சேர்க்கும்போதே எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு வைக்க வேண்டும், அல்லது ஆறு மணிக்கு ஒரு குழு, ஏழரைக்கு ஒரு குழு என்று பிரிக்க வேண்டும்.

இரண்டாவது குறை எனக்கு இன்னும் பெரிதாகத் தெரிகிறது. இந்த வயது ஆட்டங்களில் கூடைகள் பெரும்பாலும் நிதானமாகச் செட் ஆகி விழுவதில்லை, பந்தைப் பறிகொடுத்து, எதிரணி இரண்டு பேர் ஓடிப்போய் லே-அப் போட்டுத்தான் விழுகின்றன. ஷெல்லில் எவ்வளவு அழகாக நின்றாலும் அந்த நிலைக்குத் திரும்பி ஓடி வந்தால்தானே? பந்து போன அடுத்த நொடியில் திரும்பி முழு வேகத்தில் மூன்று எட்டு, ஒருத்தி ரிங்குக்கு, ஒருத்தி பந்துக்கு, மற்றவர்கள் ஓடிக்கொண்டே ஆளைப் பிரித்துக்கொள்வது, இதற்கென்று தனி டிரில் கடைசி வாரத்தில்தான் எட்டிப்பார்த்தது. மூன்று பேர் தாக்க இரண்டு பேர் காக்கும் டிரில், தாக்கும் அணி ஷூட் செய்ததும் கோச் பெயர் சொல்லும் பிள்ளை பேஸ்லைனைத் தொட்டுவிட்டுத்தான் திரும்பலாம் என்ற டிரில், இதெல்லாம் இரண்டாம் வாரத்திலேயே வந்திருக்க வேண்டும். ஸ்கிரீனுக்கு (தோழியைக் காப்பவளின் பாதையை மறித்து நிற்பது) எதிராக என்ன செய்வது என்பதையும் மேலோட்டமாகத்தான் தொட்டார்கள், அதில் எனக்கு வருத்தமில்லை, இந்த வயதுக்கு அது போதும்.

மூன்றாவது வாரத்தில் சில பெற்றோர் "சார், பாப்பா ஷூட்டிங்கே பண்ண மாட்டேங்கறா, இதுக்கா காசு கட்டினோம்" என்று கேட்கப் போய், இரண்டு நாள் முழுக்க மூன்று புள்ளிப் போட்டி, பரிசு என்று போனது. கோச் அங்கே உறுதியாக நின்றிருக்கலாம். பெற்றோருக்கும் சொல்கிறேன், ஷூட்டிங் வீட்டுப் பக்கத்துக் கோர்ட்டில் பிள்ளை தனியாகவே பழகலாம். டீம் டிஃபென்ஸுக்கு எட்டுப் பேர் வேண்டும், பார்த்துத் திருத்த ஒரு கண் வேண்டும், முகாமில் கிடைக்காவிட்டால் வேறெங்கும் கிடைக்காது. நிழல் இல்லாததும் ஒரு தொல்லை, எட்டு மணிக்கு மேல் சிமெண்ட் கொதிக்கும், தண்ணீர்க் கேன் பாதியில் காலியாகிவிடும், பாட்டில் கொடுத்து அனுப்புங்கள்.

பாக்ஸ் அவுட்டை ஷெல் டிரில்லோடு சேர்த்தே முடித்தது மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். ஷாட் போனதும் எல்லோரும் பந்தை அண்ணாந்து பார்ப்பார்கள். இங்கே முதலில் உன் ஆளைத் தேடு, முதுகால் தடுத்து நிறுத்து, அப்புறம் பந்து. ரீபவுண்ட், அதாவது விழாமல் திரும்பி வரும் பந்து, கைக்கு வந்தால்தான் தடுப்பு கணக்கில் சேரும். எதிரணி ரீபவுண்ட் எடுத்துவிட்டால் விதிப்படி அவர்களுக்கு ஷூட் செய்ய இன்னொரு 14 விநாடி கிடைத்துவிடும், அத்தனை நேரம் குனிந்து சறுக்கியதெல்லாம் மறுபடி முதலிலிருந்து என்று பிள்ளைகளுக்குத் தொடை வலியோடு புரிந்தது.

யாருக்கு இது சரிப்படும்? ஒரு வருடமாவது ஆடியிருக்க வேண்டும், பாஸைப் பிடிக்கவும் கொடுக்கவும் தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஷெல் டிரில்லில் பந்து நான்கு முறை கைமாறுவதற்குள் வெளியே போய்விடும், காப்பவர்களுக்குப் பயிற்சியே நடக்காது. 12 வயதுக்குக் கீழே வேண்டவே வேண்டாம், அந்த வயதில் பந்தோடு ஓடி ஆடட்டும். பள்ளி அணியில் இருக்கும் எட்டு, ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இதைவிட நல்ல ஒரு மாதத்தை நான் பார்த்ததில்லை, முடிந்தால் அதே பள்ளியிலிருந்து மூன்று நான்கு பேராகச் சேருங்கள், திரும்பிப் போனதும் அங்கே ஒருவரோடு ஒருவர் பேசி ஆட ஆள் இருக்கும்.

பணம் கட்டும் முன் எந்த முகாமிலும் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்: ஒரு ரிங்குக்கு எத்தனை பிள்ளைகள், டிஃபென்ஸ் தினமும் உண்டா அல்லது வாரம் ஒரு நாளா, எதிரணி ஓடி வரும்போது திரும்பி ஓடும் டிரில் எப்போது தொடங்கும். ஒரு நாள் காலை போய் ஓரமாக நின்று பார்க்கவும் கேளுங்கள். பிள்ளைகளின் சத்தம் கேட்கிறதா, இல்லை கோச்சின் சத்தம் மட்டும்தானா என்று பாருங்கள். நான் அடுத்த மே மாதமும் இங்கேதான் சேர்ப்பேன், எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்லி இப்போதே கோச்சிடம் பேசிவிட்டேன், யோசிக்கிறேன் என்றார்.